சின்னக் கடனுக்குப் பின்னால் இருக்கும் உழைப்புக்கு யார் சம்பளம் கொடுப்பது?

அமெரிக்காவில் வங்கிகள் கைவிடும் சிறுதொழில்காரர்களுக்குக் கடன் தரும், சி.டி.எஃப்.ஐ என்று அழைக்கப்படும் சமூகக் கடன் நிறுவனங்களுக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்வி மறுபடியும் கிளம்பியிருக்கிறது. தர வேண்டும், இப்போது தருவதைவிட அதிகமாகவே தர வேண்டும் என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இங்கே சிறுதொழில் செய்து பிழைக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இதைப் பற்றித் தமிழில் யாரும் பேசிப் பார்த்ததில்லை.

வசதி குறைந்த பகுதிகளில் வங்கிகள் ஏன் கடன் தருவதில்லை என்று கேட்டால், பணம் திரும்ப வராது என்ற பயம்தான் காரணம் என்பார்கள். அது பாதிதான். மீதி, செலவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25,000 டாலர் கடனில் வங்கிக்கு 4 சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 1,000 டாலர். 25 லட்சம் டாலர் கடனில் அதே 4 சதவீதம் ஒரு லட்சம் டாலர். விண்ணப்பத்தைப் படிப்பது, வரிக் கணக்கைச் சரிபார்ப்பது, தொழிலை நேரில் போய்ப் பார்ப்பது எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வேலை. சொல்லப்போனால் சின்னக் கடனுக்குத்தான் வேலை அதிகம். கணக்கு நோட்டு ஒழுங்காக இருக்காது, அடமானம் வைக்கச் சொத்து இருக்காது, ஆளை உட்கார வைத்துப் பேசித்தான் தொழில் நிலைமையைத் தெரிந்துகொள்ள முடியும். எந்த வங்கி அதிகாரி இதற்கு நேரம் ஒதுக்குவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி.

அந்த வேலையைச் செய்வதற்காகவே இருப்பவைதான் இந்தச் சமூகக் கடன் நிறுவனங்கள். சி.டி.எஃப்.ஐ சான்றிதழ் வேண்டுமென்றால், தரும் கடனில் குறைந்தது 60 சதவீதம் குறைந்த வருமானப் பகுதிகளுக்கோ புறக்கணிக்கப்பட்ட மக்களுக்கோ போக வேண்டும். பணத்தோடு ஆலோசனையும் பயிற்சியும் தர வேண்டும் என்பதும் நிபந்தனை. கடன் கேட்டு வந்தவருக்கு வரவு செலவு எழுதக் கற்றுக்கொடுக்கும் அந்த நேரத்துக்கு வட்டியிலிருந்து சம்பளம் வராது. வர வைக்க நினைத்தால் வட்டியை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பெரிய கடன்களின் பக்கம் நகர வேண்டும். இரண்டில் எது நடந்தாலும், யாருக்காகத் தொடங்கினார்களோ அவர் வெளியே நிற்பார். அப்புறம் அவர் போய்ச் சேரும் இடம், தினசரி விற்பனையிலிருந்தே பணத்தைப் பிடித்துக்கொள்ளும் மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ். கட்டணமாகக் காட்டுவதை வட்டியாக மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு.

தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பழங்குடிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிலத்தில் பெரும்பகுதி பழங்குடியினருக்காக மத்திய அரசின் பொறுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. தன் குடும்பம் தலைமுறைகளாக வாழும் நிலமாகவே இருந்தாலும், அதை மற்றவர்களைப் போலச் சுலபமாக அடமானம் வைக்க முடியாது. அடமானம் இல்லை என்றால் வங்கி இல்லை. 1986-ல் அங்கே லகோட்டா ஃபண்ட் தொடங்கப்பட்டது. சொத்தை வைத்து எடைபோட முடியாத இடத்தில் ஆளையும் தொழிலையும் தெரிந்துகொண்டு சின்னச் சின்னக் கடன் கொடுப்பதுதான் அவர்கள் தேர்ந்தெடுத்த வழி. நிலத்தை அந்தப் பொறுப்பில் வைத்தது அரசின் சட்டம். அப்படியிருக்க, அதனால் வந்த இடைவெளியை நிரப்ப அரசு பணம் தருவதை எப்படித் தானம் என்று சொல்வது? நகரங்களிலும் இதே கதைதான். 1930-களில் அரசு அமைத்த ஹெச்.ஓ.எல்.சி என்ற வீட்டுக்கடன் நிறுவனமே கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களை வரைபடத்தில் சிவப்பால் தீட்டி, கடன் தர ஆபத்தான இடம் என்று குறித்தது. வசதி குறைந்த பகுதிகளுக்கும் கடன் தரச் சொல்லி 1977-ல் வந்த சமூக மறுமுதலீட்டுச் சட்டம் வங்கிகளைக் கொஞ்சம் அசைத்தது. இந்தச் சமூகக் கடன் நிறுவனங்களுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துத் தரும் அலுவலகமான சி.டி.எஃப்.ஐ நிதியத்தை உருவாக்கிய சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டது 1994-ல்தான்.

கொரோனா நேரம் இதற்கெல்லாம் ஒரு பரிசோதனை மாதிரி அமைந்துவிட்டது. சிறுதொழில்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசு கொண்டுவந்த பிபிபி கடன் திட்டத்தில், 2020 ஏப்ரலில் முதல் 34,900 கோடி டாலர் 13 நாளில் தீர்ந்தது. ஏற்கெனவே வங்கியில் நல்ல பழக்கம் இருந்தவர்கள் முன்னால் போனார்கள், தனியாளாகத் தொழில் செய்தவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். மே மாதக் கடைசியில் சமூகக் கடன் நிறுவனங்கள் வழியாகத் தருவதற்கென்றே 1,000 கோடி டாலர் தனியாக ஒதுக்க வேண்டியிருந்தது. யாரிடம் போனால் சின்னவர்களைப் போய்ச் சேரும் என்பது அரசுக்கே அப்போது தெரிந்திருந்தது.

சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2024 நிதியாண்டில் இந்த நிதியத்துக்கு ஒதுக்கியது 32.4 கோடி டாலர். மத்திய அரசின் செலவில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. 2025 மார்ச் 14 அன்று வந்த அதிபர் ஆணை, நிதியத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்ச அளவுக்குச் சுருக்கச் சொன்னது. அக்டோபரில் அரசு அலுவலகங்கள் முடங்கியிருந்த நாட்களில் அதன் ஊழியர்கள் அனைவருக்கும் பணிநீக்க அறிவிப்பு போனது. என்னை மிகவும் கோபப்படுத்தியது வேறொன்று. அதே ஆண்டு ஜூலையில், வசதி குறைந்த பகுதிகளில் முதலீடு செய்பவர்களுக்கான நியூ மார்க்கெட்ஸ் வரிச் சலுகையை நாடாளுமன்றம் நிரந்தரமாக்கியிருந்தது. அந்தச் சலுகையை நிர்வகிப்பதே இந்த நிதியம்தான். முதலீட்டாளருக்கு 39 சதவீத வரிச் சலுகை நிரந்தரம், அதைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் ஆளே வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்?

இது ஒரு கட்சியின் விவகாரமும் இல்லை. செனட்டில் இந்த நிறுவனங்களுக்காகக் குரல் கொடுக்கும் குழுவை நடத்துபவர்கள் குடியரசுக் கட்சியின் மைக் கிரேப்போவும் ஜனநாயகக் கட்சியின் மார்க் வார்னரும்.

அரசுப் பணம் வாங்கும் எல்லா நிறுவனமும் சிறப்பாக நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் துறைக்கே முன்னோடியான சிகாகோவின் ஷோர்பேங்க் 2010-ல் மூழ்கியது. நிதியத்தின் நிதியுதவிக்கு ஈடாக அதே அளவு பணத்தை வெளியிலிருந்தும் திரட்ட வேண்டும் என்ற சட்ட விதி நல்ல விதி, அது இருக்கட்டும். ஆனால் திரும்பி வந்த கடன் சதவீதத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது. வேறெங்கும் கடன் கிடைக்காதவர்களை ஒதுக்கிவிட்டு, வங்கியே தந்திருக்கக்கூடிய ஆட்களுக்குக் கொடுத்தால் அந்தச் சதவீதம் அழகாகத்தான் இருக்கும். முதல் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர், சராசரிக் கடன் எவ்வளவு சின்னது, எல்லாக் கட்டணமும் சேர்த்து வட்டி எவ்வளவு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும்.

ஒதுக்கீட்டை வருடா வருடம் இழுபறியில் விடுவதும் நிற்க வேண்டும். அடுத்த வருடம் பணம் வருமா என்று தெரியாத நிறுவனம், ஐந்து வருடக் கடனை எந்தத் தைரியத்தில் கொடுக்கும்? குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு உறுதியான ஒதுக்கீடும், அதில் ஆலோசனை தருபவர்களின் சம்பளத்துக்கென்று தனிப் பங்கும் வேண்டும். அமெரிக்காவில் ஓட்டுரிமை உள்ளவர்கள் உங்கள் செனட்டர் அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போட்டு, சி.டி.எஃப்.ஐ நிதியத்தின் ஒதுக்கீட்டில் அவர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்பதைக் கமெண்டில் எழுதுங்கள்.