பெர்கெலேவைப் பண்பாடு என்று சொல்லி ஏமாற்றாதீர்கள்

ஃபின்லாந்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதல் குளிர்காலம் கழிவதற்குள் ‘பெர்கெலே’, ‘சாத்தானா’, ‘ஹெல்வெத்தி’ ஆகிய மூன்று வசைகளையும் எந்த வகுப்புக்கும் போகாமலே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பிசாசு, சாத்தான், நரகம் என்று மூன்றும் மதத்திலிருந்து வந்தவை. டிராம் வண்டியில் பள்ளிப் பிள்ளைகள் காற்புள்ளி இடுவதுபோல் இடையிடையே சேர்த்துக்கொள்ளும் ‘வித்து’ வேறு வகை (நம் காதில் விதை என்று விழுந்தாலும், அது பெண்ணுறுப்பைச் சுட்டும் கொச்சைச் சொல்). பனியில் வழுக்கி விழுந்தவர் ரகரத்தை உருட்டிப் ‘பெர்ர்கெலே’ என்று உறுமினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை; ஒவ்வொரு சொல்லிலும் முதல் அசையிலேயே அழுத்தம் விழும் அந்த மொழி திட்டுவதற்கு வாகானதுதான்.

ஆனால் அதே சொல்லை ஒரு மேற்பார்வையாளர் தமக்குக் கீழே வேலை செய்பவரின் முகத்துக்கு நேராக வீசிவிட்டு, ‘நாங்கள் ஒளிவுமறைவு இல்லாதவர்கள், இது எங்கள் பண்பாடு’ என்று தோளைக் குலுக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதே மனிதர் வாடிக்கையாளர் முன்னால் வாய் திறப்பதில்லை. அலுவலகங்களில் வரிசைச் சீட்டைக் கையில் பிடித்தபடி முனகாமல் காத்திருக்கிறார். மேலே இருப்பவரைக் கண்டால் அடங்கிப்போய், கீழே இருப்பவரைக் கண்டால் மட்டும் பொங்கிவரும் பண்பாடு என்ன பண்பாடு?

அதட்டி வேலை வாங்கும் ஃபின்லாந்து முறைக்குச் சுவீடன்காரர்கள் ‘பெர்கெலே நிர்வாகம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; அந்தக் கேலியையும் இங்கே சிலர் பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிகிறார்கள். ஹெல்சின்கியில் பிறந்தவரும் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் கருவை உருவாக்கியவருமான லினஸ் டோர்வால்ட்ஸ் சக நிரலாளர்களை மின்னஞ்சலில் வசைபாடியதை நேர்மை என்று பலர் ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பேசினார்கள். 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார்.

இந்நாட்டுச் சட்டமும் இப்படித் திட்டும் மேற்பார்வையாளர்கள் பக்கம் இல்லை. 2002ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டம், 28ஆம் பிரிவில், ஊழியரின் உடல்நலத்தைக் கெடுக்கும் துன்புறுத்தலை அறிந்ததும் முதலாளி நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்கிறது. ஆறு மாதம் வரை நீளக்கூடிய தகுதிகாண் காலத்தில், வேலையை நம்பியே குடியிருப்பு அனுமதி பெற்று வந்தவர் அந்தப் பிரிவைக் காட்டி வாதாடுவாரா? இதில் நம்மவர் சிலரும் சேர்ந்துகொண்டு, கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அந்த மேற்பார்வையாளருக்காகப் பரிந்து பேசுவதைத்தான் என்னால் சகித்துக்கொள்ளவே முடியவில்லை.