ஒரு பவுன் விலைக்கு ஒரு சைக்கிள்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, சைக்கிளுக்குப் போயி அம்பத்தெட்டாயிரம் குடுத்தியாமா? அதுக்கு ஒரு பவுனு எடுத்திருந்தா இன்னிக்கு ரெண்டு மடங்காயிருக்குமே."

பெரியம்மாவின் கணக்கில் தப்பில்லை. 2024 தொடக்கத்தில் நான் அந்த மலை சைக்கிளை வாங்கும்போது ஒரு பவுன் ஐம்பதாயிரத்துக்குள் இருந்தது. இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். என் சைக்கிளை இப்போது விற்றால் பாதி விலை வந்தாலே பெரிது. பந்தியில் வைத்து முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்திலும் இதே கேள்வியைக் கேட்டார்கள், தம்பி வீட்டிலும் கேட்டார்கள். அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இது என்னுடைய முதல் கியர் சைக்கிள் இல்லை. 2019இல் 13,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். 21 கியர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், முன்னால் சஸ்பென்ஷன், ஃபிரேமில் கொட்டை எழுத்தில் 'மவுண்டன்' என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் அந்த வருடம் டிசம்பர் விடுமுறையில் நானும் தம்பியும் சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி போனோம். ஏறுவது நம்மால் ஆகாது, இறங்கி மட்டும் பார்க்கலாம் என்று முடிவு.

கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். இடையில் 33 கிலோமீட்டர் சாலை. அதாவது ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தை 33 கிலோமீட்டருக்குள் இறங்கித் தீர்க்க வேண்டும். நானும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ. இந்த எடை இந்த உயரம் இறங்கும்போது பிறக்கிற ஆற்றல், மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நானே நடத்துகிற பாடம்தான் இது. அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சச் சூடு முழுவதும் போகிற இடம் பிரேக்.

வழியில் குஞ்சப்பனை ஊருக்குக் கொஞ்சம் மேலேயே பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொட ஆரம்பித்துவிட்டது. அழுத்தினால் பிடிக்கவில்லை, கிரீச்சென்று சத்தம் மட்டும் வந்தது. எனக்குச் சின்னக் கை. அந்த லீவரோ பெரிய ஆண் கைக்குச் செய்தது. முக்கால் மணி நேரம் எட்டி எட்டிப் பிடித்ததில் விரல்கள் மரத்து, பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்பதே தெரியாமல் போயிற்று. கடைசியில் ஒரு வளைவில் செருப்புக் காலைத் தரையில் தேய்த்து, மலைப் பக்கத்து ஓரத்தில் இருந்த வாய்க்காலுக்குள் இறக்கித்தான் நிறுத்தினேன். முழங்கால் கிழிந்தது. எதிர்ப் பக்கம் பள்ளம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப்போன ஒரு டெம்போக்காரத் தம்பி வண்டியை நிறுத்தி, என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், இன்றுவரை மனதில் கிடக்கிறது.

ஊருக்கு வந்து எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் காட்டினேன். அறுபது வயதுக்காரர், வாடகை சைக்கிள் காலத்திலிருந்து கடை வைத்திருப்பவர். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகள் இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"பாருங்க டீச்சர். ஒண்ணு பாதிதான் தேஞ்சிருக்குது, இன்னொண்ணுல தகடே தெரியுது. இந்த ஒயர் பிரேக்குல ஒரு பக்கத்துப் பேடுதானுங்க நகரும். அது டிஸ்க்க வளைச்சுக் கொண்டுபோயி அந்தப் பக்கத்துப் பேடு மேல சாத்துது. தேயத் தேய நாமதான் திருகித் திருகி டைட் வெக்கோணும். எறக்கத்துல போறப்ப யாருங்க எறங்கி டைட் வெப்பாங்க?"

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: டிஸ்க் இருப்பது வேறு, பிரேக் இருப்பது வேறு.

மலை சைக்கிள் பிறந்த கதையைப் பிறகு தேடிப் படித்தபோது அதிலும் இதே விஷயம்தான் முதலில் நின்றது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1970களில் இளைஞர்கள் சிலர் முப்பதுகள், நாற்பதுகளில் செய்த பழைய ஷ்வின் கம்பெனி சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண்பாதையில் மலை இறங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக் அவற்றில். 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடத்திய பாதை மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் 400 மீட்டர் இறங்கும். ஒருமுறை கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூட்டில் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் உள்ள கிரீஸ் புகைந்து வெளியே போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்தது. அந்தப் பையன்கள் முதலில் எதை மாற்றினார்கள் தெரியுமா? டிரம் பிரேக் வைத்தார்கள், மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரை மாட்டினார்கள். அப்புறம் கியர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் கடைகளுக்குக் கொண்டுவந்த ஸ்டம்ப்ஜம்பர் 750 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம். அதிலும் சஸ்பென்ஷன் கிடையாது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வெறும் இரும்பு. சஸ்பென்ஷன் ஃபோர்க் கடைக்கு வர இன்னும் எட்டு ஒன்பது வருடம் ஆயிற்று.

நம் ஊர்க் கடையில் தலைகீழாக நடக்கிறது. பத்தாயிரம் ரூபாய் சைக்கிளில் முன்னால் ஸ்பிரிங், சில சமயம் சீட்டுக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங். பிரேக்குக்கும் ஹப்புக்கும் காசு மிச்சமிருக்காது. நல்ல ஃபோர்க்குக்குள் எண்ணெய் ஓடும். அமுங்குவதையும் எழும்புவதையும் அதுதான் நிதானப்படுத்தும். மலிவு ஃபோர்க்கில் ஸ்பிரிங் மட்டும்தான். அமுங்கியது அப்படியே திருப்பி அடிக்கும். எடையோ இரண்டரை கிலோவுக்குக் குறையாது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போகும்.

அந்த முதல் சைக்கிளின் பின் அச்சு இரண்டு தடவை வளைந்தது. நான் ஏதோ முரட்டுத்தனமாக ஓட்டினேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. பின் பல்சக்கரக் கொத்து பழைய ஃப்ரீவீல் மாதிரி என்றால் ஹப்பில் திருகி நிற்கும். அதனால் அந்தப் பக்கத்துப் பால்ரஸ் உள்ளே தள்ளி உட்கார்ந்துவிடும். ஏழு பல்சக்கர அகலத்துக்கு அச்சு தாங்குவார் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு குழியில் பொத்தென்று விழுந்தால் அது வளையாமல் என்ன செய்யும்? கேசட் என்கிற இன்னொரு மாதிரியில் பால்ரஸ் ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே இருக்கும், அச்சுக்குப் பாரம் தெரியாது. கடையில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அச்சு, பெண்டு எடுத்தது, பேடு, ஒயர், ஃபோர்க்கில் ஆட்டம் வந்து மாற்றியது என்று வருடக்கணக்கில் ஒன்பதாயிரம் ஆயிற்று. கடைசியில் 2,500 ரூபாய்க்குக் கொடுத்தேன். ஆக 20,000 போயிற்று. 'மலிவு' என்று வாங்கியதன் விலை இது, என் முழங்கால் கணக்கில் வராமல்.

சரி, 58,000 எதற்குக் கொடுத்தேன்?

முதலில் அளவு. என் உயரம் 5 அடி 1 அங்குலம். பழைய சைக்கிள் ஒரே சைஸில் வந்தது. அதில் உட்கார்ந்தால் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க முதுகு நீட்டிக்கொண்டே போகும், நிறுத்தினால் ஒரு கால் நுனி விரல்தான் தரையில் படும். இப்போதையது எஸ் சைஸ் ஃபிரேம். கடையில் ஏறி உட்கார்ந்த அந்த நிமிடமே வித்தியாசம் தெரிந்தது. பெண்கள், உயரம் குறைந்தவர்கள் யாராக இருந்தாலும், மற்ற எதைப் பார்ப்பதற்கும் முன்னால் இதைக் கேளுங்கள். அளவு பொருந்தாத சைக்கிள் எத்தனை லட்சமானாலும் வேண்டாம்.

அடுத்து ஆயில் பிரேக். இரண்டு பக்கப் பேடும் சேர்ந்து நகரும், தேய்ந்தால் தானாகவே நெருங்கி வரும். லீவரில் ஒரு குட்டி ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகினால் லீவர் கைப்பக்கம் வரும். கடைப் பையன் அரை நிமிடத்தில் என் விரலுக்கு ஏற்ற மாதிரி அதைத் திருகிக் கொடுத்தான். ஒரு விரலால் அழுத்தினேன், சக்கரம் நின்றது. குஞ்சப்பனையில் மரத்துப்போன அதே விரல். கண் கலங்கிவிட்டது, சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

போன வருடம் தை மாதம் இதே சைக்கிளில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மிதித்தே ஏறினேன். நான்கே கால் மணி நேரம். முன்னால் ஒரே பல்சக்கரம், 32 பல். பின்னால் பத்து, அதில் பெரியது 46 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் முக்கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் போகும். மெதுவாகப் போகும், ஆனால் முட்டி வலிக்காது. பழைய சைக்கிளின் 21 கியரில் பல இரட்டைப் பிள்ளைகள், ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. 'எத்தனை கியர்' என்று கேட்பவர்களிடம் இப்போது பத்து என்றுதான் சொல்கிறேன். இறங்கும்போது குஞ்சப்பனையில் நிறுத்தி டீ குடித்தேன்.

வாரா வாரம் நான் ஓட்டுவது மலையில் இல்லை, கீழ்பவானி வாய்க்கால் மேட்டில்தான். பவானிசாகரிலிருந்து புறப்பட்டு சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால் அது. எங்கள் கோபியை (கோபிசெட்டிபாளையம்) சுற்றியுள்ள மண்கரையில் விடிகாலையில் போனால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மஞ்சள் காடு, தென்னந்தோப்பு. பாதையெல்லாம் டிராக்டர் தடம், சரளைக் கல், ஓரத்தில் சீமைக்கருவேல முள். பழைய சைக்கிளில் மாதத்துக்கு மூன்று பஞ்சர். இப்போது டயரை டியூப்லெஸ் ஆக மாற்றி உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருக்கிறேன். முள் ஏறினால் உஸ்ஸென்று ஒரு சத்தம், வெள்ளையாக இரண்டு சொட்டு, அவ்வளவுதான், அடைத்துக்கொள்ளும். காற்றும் கல் மாதிரி அடிப்பதில்லை. 2.2 அங்குல டயரில் என் எடைக்கு 25 பிஎஸ்ஐ போதும். குலுக்கலைத் தாங்குவதில் பாதி வேலையை டயரே செய்துவிடுகிறது. இதற்கு ஆன செலவு இரண்டாயிரத்துக்குள். மொத்தச் செலவில் எனக்கு மிகவும் பிடித்த செலவு இதுதான்.

இதற்கு மேலே போகலாமா என்றால், என் வரையில் வேண்டாம். கார்பன் ஃபிரேம், முன்னும் பின்னும் நல்ல சஸ்பென்ஷன் என்று போனால் விலை லட்சங்களில் ஏறும். அவை நல்ல பொருட்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்கென்று பாறையும் பள்ளமுமாக வெட்டிய தடங்கள் வேண்டும். நம் பக்கம் அப்படிப்பட்ட இடமெல்லாம் காட்டுக்குள் இருக்கிறது. சத்தியமங்கலம் காடு 2013இலிருந்து புலிகள் காப்பகம், யானை நடமாடும் இடம். அங்கே சைக்கிளோடு உள்ளே நுழையக் கூடாது, நுழையவும் வேண்டாம். வாய்க்கால் மேட்டுக்கும் தார் ஏற்றத்துக்கும் நாலு லட்ச ரூபாய் சைக்கிள் கூடுதலாகக் கொடுப்பது ஒன்றுமில்லை.

தார் ரோட்டில் மட்டும்தான் ஓட்டுவேன் என்றால் மலை சைக்கிளே வாங்காதீர்கள். சஸ்பென்ஷன் இல்லாத, நடுத்தர டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள் குறைந்த விலையில் இதைவிட நன்றாக ஓடும். கடைக்குப் போய்வர, பால் வாங்கிவர என்றால் சாதாரணக் கறுப்பு சைக்கிளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்பா அப்படி ஒன்றை முப்பது வருடம் ஓட்டினார்.

எனக்கு உண்மையில் மனசு கேட்காத விஷயம் பிள்ளைகள். பத்து, பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் என்று டபுள் சஸ்பென்ஷன், டபுள் டிஸ்க் சைக்கிளைப் பதினோராயிரத்துக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆசையாகத்தான் கொடுக்கிறார்கள், கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு. சைக்கிள் எடை 18 கிலோ, பையன் எடை 32. என் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரிடம் அந்த மாதிரி இருக்கிறது. ஒருநாள் மாலை ஸ்டாண்டில் ஒவ்வொன்றாக பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். நான்கில் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. அதே பதினோராயிரத்துக்கு ஸ்பிரிங் எதுவும் இல்லாத, ரப்பர் கட்டை வைத்த வி-பிரேக் சைக்கிள் வாங்கினால் எடையும் குறையும், பிரேக்கும் பிடிக்கும், தேய்ந்தால் தெருமுனைக் கடையிலேயே நூறு, இருநூறில் மாற்றிக்கொள்ளலாம். பையன் முகம் சுண்டும், தெரியும். சொல்லிப் புரிய வையுங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள்.

செலவு அதோடு முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வருடத்துக்கு ஒரு செயின், ஒரு ஜோடி பேடு, ஆயில் பிரேக்குக்கு ஒரு சர்வீஸ். பிரேக் சர்வீஸுக்குக் கோபியில் ஆளில்லை, கோயம்புத்தூருக்குத்தான் கொண்டுபோகிறேன். எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம் ரூபாய் ஆகிறது. இதையும் கணக்கில் போட்டுக்கொண்டுதான் கடைக்குள் கால் வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதம் ஆனது, வாங்க நினைப்பவர்களுக்கு அது ஓரளவு ஆறுதல்.

பெரியம்மாவுக்கு என் பதில்: அந்த ஒரு பவுன் பீரோவில் இருந்திருக்கும், விலையும் ஏறியிருக்கும். நான் 42 வயதில் கோத்தகிரிக்கு மிதித்து ஏறியிருக்க மாட்டேன். எனக்கு அந்தப் பணம் வீணாகவில்லை. வாரத்துக்கு இரண்டு நாளாவது மண்ணிலோ மேட்டிலோ ஓட்டப்போகிறவர்களுக்கும் ஆகாது.

கோபிப் பக்கம் இருப்பவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாய்க்கால் மேட்டுக்கு வாருங்கள். என் உயரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் என் சைக்கிளையே தருகிறேன், ஒரு பாலம் தாண்டிப் போய்த் திரும்பி வந்து பாருங்கள். தண்ணீர்ப் பாட்டில் மட்டும் எடுத்து வாருங்கள்.