ஐந்நூறு குரோம் திறந்தால் அது லோட் டெஸ்ட் ஆகிவிடுமா?

"செலினியம் ஸ்கிரிப்ட்தான் ஏற்கெனவே இருக்கே, அதையே ஐந்நூறு யூசருக்கு ஓட்டிவிட்டால் போச்சு." எந்த ப்ராஜெக்ட்டுக்குப் போனாலும் இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் பட்ஜெட்டைக் கையில் வைத்திருப்பவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: செலினியம் ஆளுக்குப் பதில் தானே பிரவுசரை இயக்கும் கருவி, லோட் டெஸ்ட் என்பது பலர் ஒரே நேரத்தில் வந்தால் சர்வர் தாங்குமா என்று பார்ப்பது. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு குரோம் திறந்தாலே சில நூறு எம்பி மெமரி காலி. 16 ஜிபி லேப்டாப்பில் முப்பது, நாற்பது திறந்து பாருங்கள். ஃபேன் அலறும், சிபியு நூறைத் தொட்டு நிற்கும், லாகின் ஆகப் பன்னிரண்டு நொடி என்று ரிப்போர்ட் வரும். அந்த நேரத்தில் சர்வரைப் பார்த்தால் அது சும்மா உட்கார்ந்திருக்கும். திணறியது நம் லேப்டாப், பழி சர்வர் பக்கத்தைக் கவனிக்கும் பேக்எண்ட் டீம் தலையில். பாவம், அவர்கள் டேட்டாபேஸ் குவெரியைத் துருவிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. பக்கத்தில் ஒன்று தோன்றும்வரை காத்திருக்க செலினியத்தில் இருக்கும் வெப்டிரைவர் வெயிட், நாம் மாற்றாதவரை, அரை நொடிக்கு ஒருமுறைதான் பட்டன் வந்ததா என்று எட்டிப் பார்க்கும். 600 மில்லி செகண்டில் வந்த பட்டன் அதன் கண்ணில் படும்போது 1000 ஆகியிருக்கும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 'போன ரிலீஸைவிட 100 மில்லி செகண்ட் குறைந்தது' என்று கிராஃப் போடுகிறோம்! பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங்குக்கு இது ஏற்றதல்ல என்று செலினியத்தின் டாக்குமெண்டேஷனே சொல்கிறது. யார் படிக்கிறார்கள்?

ஜேமீட்டர், கே6, கேட்லிங் போன்ற லோட் டெஸ்ட் கருவிகள் பொதுவாக பிரவுசரைத் திறக்காமல் சர்வருக்கு ரெக்வெஸ்ட்டை மட்டும் அனுப்புவதால் ஒரே மெஷினில் பல நூறு யூசர்களைத் தாங்கும். அதற்காக ஜேமீட்டர் ரிப்போர்ட் பச்சையாக இருக்கிறது என்று துள்ளவும் வேண்டாம். அது ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டாது. ஏபிஐ (பக்கம் சர்வரிடம் தரவு கேட்கும் வழி) 200 மில்லி செகண்டில் பதில் தந்தும், பக்கம் விரிய ஆறு நொடி ஆகலாம். அதைப் பார்க்க பிரவுசர்தான் வேண்டும். லோடை ஜேமீட்டர் கொடுக்கட்டும். அது ஓடும்போதே தனி மெஷினில் ஒன்றிரண்டு பிரவுசரை வைத்து எல்சிபி (பக்கத்தின் மிகப் பெரிய பகுதி திரையில் தெரிய ஆகும் நேரம்) 2.5 நொடிக்குள் வருகிறதா என்று பாருங்கள். கூகுள் 'நல்லது' என்று வைத்திருக்கும் எல்லை அதுதான். கே6-இல் பிரவுசரும் உண்டு என்பதால் லோடு, பிரவுசர் இரண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்டிலேயே எழுதலாம்.

சிட்ரிக்ஸ் (வேறு இடத்துச் சர்வரில் ஓடும் அப்ளிகேஷனை நம் திரையில் காட்டும் மென்பொருள்) வழியாக ஓடும் பழைய டெஸ்க்டாப் அப்ளிகேஷன்களில் சில நேரம் ஜியுஐ, அதாவது திரையை ஆள்போல் கிளிக் செய்து இயக்குவது, தவிர வேறு வழி இருக்காது. சரி, அங்கே மெஷின்களை அதிகமாக்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுங்கள்.

மற்றபடி யாராவது ஐந்நூறு குரோம் ரிப்போர்ட்டை நீட்டினால், லோட் கொடுத்த மெஷினின் சிபியு கிராஃபை முதலில் கேளுங்கள்.