வாசம் இல்லாத ட்ரஃபிளுக்கு 42 யூரோ

"இந்த எண்ணெயில் இரண்டு சொட்டு விடுங்கள், வாசம் தானாக வந்துவிடும்." இன்று காலை அந்தக் கடைக்காரர் என்னிடம் சொன்னது இது. மாலையாகியும் என் காது எரிகிறது. 42 யூரோ கொடுத்து வாங்கிய 30 கிராம் கறுப்பு ட்ரஃபிள் காளானில் மருந்துக்குக்கூட வாசம் இல்லை என்று முறையிடப் போனேன். அவர் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு ட்ரஃபிள் எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டுகிறார். அதற்குத் தனியாக 14 யூரோ. முதலில் வாசமே இல்லாத காளானை விற்பார்கள். பிறகு காளானே இல்லாத வாசத்தை விற்பார்கள். ஒரே கடை, ஒரே ஆள், ஒரே புன்சிரிப்பு!

அப்பா பாண்டிச்சேரியிலிருந்து பாரீஸுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கடைவீதியில் அந்தக் கண்ணாடி ஜாடியைப் பார்த்துவிட்டு, "கரித்துண்டு மாதிரி இருக்கிறதே, இதற்கா இந்த விலை?" என்று கேட்டார். ஓக் மரத்தின் வேரோடு ஒட்டி மண்ணுக்கடியில் விளைகிறது, நாய் மோப்பம் பிடித்துக் காட்டினால்தான் தோண்ட முடியும் என்று சொன்னேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஆண்டுக்கு ஆயிரம் டன் அளவுக்குக் கிடைத்தது, இப்போது சில பத்து டன்தான் என்றும் சொன்னேன். கண் விரியக் கேட்டார். அவருக்கு முட்டை என்றால் உயிர். ட்ரஃபிளுக்கு முட்டையைவிட நல்ல துணை கிடையாது. ஒருமுறையாவது அவருக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஜாடிக்குள் ஏழு உருண்டைகள் இருந்தன. மூடியைத் திறந்ததும் வாசம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஏழில் மணப்பது எது? நல்ல ட்ரஃபிள் ஒன்றோடு மணமில்லாத ஆறைச் சேர்த்து மூடி வைத்தால், அந்த ஆறும் அதன் வாசத்தை இரவல் வாங்கிக்கொள்ளும். அதனால் ஒன்றைத் தனியாக எடுத்து முகர்ந்து பார்க்கிறேன் என்றேன். கை பட்டால் கெட்டுவிடும் என்றார் கடைக்காரர். சரி, ஓரத்தில் கத்தி முனையால் சின்னதாகக் கீறி உட்புறத்தைக் காட்டுங்கள் என்றேன். கீறினால் உலர்ந்துவிடும் என்றார். இது எந்த இனம், அட்டையில் லத்தீன் பெயர் இல்லையே என்றேன். "கறுப்பு ட்ரஃபிள், ஐயா" என்றார். கறுப்பு என்பது எனக்கும் தெரிகிறதே! பின்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே தராசில் வைத்துவிட்டார்.

தென்மேற்கே லல்பாங்க் என்ற சிற்றூரில் குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில் ட்ரஃபிள் சந்தை கூடும். கூடையின் மேல் போட்ட துணியை விலக்கி, வாங்குகிறவர் மூக்கைக் கொண்டுபோய் வைத்து முகர்ந்த பிறகுதான் விலையே பேசுவார். பெரிகோர் பகுதியின் சில சந்தைகளில் விற்பனைக்கு முன்பே ஒவ்வொரு ட்ரஃபிளையும் கீறிப் பார்த்துக் கழித்துக்கட்டத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். விளைவிக்கிறவனே கீறிப் பார்க்க விடும்போது, இடையில் நின்று விற்கிறவருக்கு என்ன வலிக்கிறது?

வீட்டில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். மெல்லிய காகிதத்தில் சுற்றி, ஆறு முட்டைகளோடு கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைத்தேன். முட்டை ஓட்டில் நுண்துளைகள் உண்டு; உண்மையான ட்ரஃபிள் என்றால் உடைப்பதற்கு முன்பே மஞ்சள் கரு வரைக்கும் வாசம் இறங்கியிருக்கும். மூன்றாம் நாள் மாலை மூடியைத் திறந்தேன். குளிர்பெட்டியின் வாசம் வந்தது. அவ்வளவுதான். மனம் கேட்கவில்லை. சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, வெண்ணெய் போட்டு, முட்டையை மரக்கரண்டியால் 20 நிமிடம் விடாமல் கிளறினேன். கஞ்சிப் பதத்தில் இறக்கிய பிறகே ட்ரஃபிளைச் சீவினேன். உட்புறம் கன்னங்கரேல் என்று இருந்தது, நடுவில் நெருக்கமாக வெள்ளைக் கோடுகள். விரலால் அழுத்தினால் அழிரப்பர் போல நெகிழ்ந்து திரும்பியது. பென்சில் சீவல் போலத் தட்டில் விழுந்தது.

அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். "முட்டை நன்றாக இருக்கிறதப்பா" என்றார். முட்டை!

பாரீஸ் குளிரில் பெட்டியைத் திறந்தபோது, அவர் கொண்டுவந்த கட்டிப் பெருங்காயம் மூன்று பிளாஸ்டிக் உறைகளைத் தாண்டி வீட்டையே தூக்கியது. அவருடைய சட்டைகள் இன்னும் மணக்கின்றன. பெருங்காயத்துக்கும் ட்ரஃபிளுக்கும் அந்த வாசத்தைத் தருவது கந்தகச் சேர்மங்கள்தான். பெருங்காயம் தீர்ந்துபோன காலி டப்பாவில் இருக்கும் மணம்கூட அந்த 42 யூரோ உருண்டையில் இல்லை.

இதைத்தான் இன்று போய்ச் சொன்னேன். "சூடுபடுத்தியிருப்பீர்கள், அதனால் வாசம் போயிருக்கும்" என்கிறார். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சீவினேன் என்கிறேன். "அப்படியானால் தடிமனாகச் சீவியிருப்பீர்கள்" என்கிறார். சீவுவதற்கு முன்பே மணக்கவில்லை என்கிறேன். அதற்குப் பதிலாகத்தான் அந்த எண்ணெய்ப் புட்டி. ஜனவரி கடைசி இது. கறுப்பு ட்ரஃபிள் முழுதாகப் பழுத்து மணக்கும் காலமே இதுதான். பழுக்காத காளான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. மெலனோஸ்போரம் என்ற நல்ல இனத்தைப் போலவே தோற்றமளிக்கும் சீன இனம் ஒன்று உண்டு, இண்டிகம் என்று பெயர். மணம் சொற்பம், விலையும் பல மடங்கு குறைவு. என் தட்டில் விழுந்தது அதுதான் என்று என் நாக்கு சொல்கிறது. ரசீதில் வெறுமனே "ட்ரஃபிள்" என்று அச்சடித்திருக்கிறார்கள்.

அந்தப் புட்டியையும் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஆலிவ் எண்ணெய், நறுமணப் பொருள் என்று இருந்தது. கண்ணைக் கவர அடியில் ஒரு கறுப்புச் சீவல் கிடக்கிறது. இந்த எண்ணெய்களில் பெரும்பாலானவற்றுக்கு மணம் கொடுப்பது ஆய்வுக்கூடத்தில் தயாராகும் 2,4-டைதயாபென்டேன் என்ற வேதிப்பொருள். அது இத்தாலியின் ஆல்பா பக்கத்தில் கிடைக்கும் வெள்ளை ட்ரஃபிளின் முக்கிய வாசம். கறுப்பு ட்ரஃபிளின் மணமோ பல பொருள்கள் கூடி வருவது, முற்றிலும் வேறு. மல்லிகை மணக்கவில்லை என்று வந்தவனுக்குத் தாழம்பூ அத்தரைக் கொடுத்து அனுப்புவது போல இது.

அப்பா ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறார். அதற்குள் தெற்கே போய் நல்லதாக ஒன்று வாங்கிவர எனக்கு விடுமுறை இல்லை. நான் கொதித்துக்கொண்டு இதை எழுதுவதைப் பார்த்துவிட்டு, சற்று முன்பு வந்து தோளில் கை வைத்தார். "விடப்பா, ஊரில் யாராவது கேட்டால் பிரமாதமாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன்" என்றார்.

என் அப்பாவைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள்.