ஊருக்கு வந்த ஆக்களை எங்க கூட்டிக்கொண்டு போறது?

போன கிழமை முழுக்க கடைச் சாப்பாடுதான். கட்டார்ல என்னோட ஒரே றூமில ஆறு வருசம் இருந்த திருச்சித் தம்பி மனிசி பிள்ளையளோட வந்தவர், திருச்சியில பிளேன் ஏறினா யாழ்ப்பாணம் பலாலி எயார்போட்டுக்கு ஒரு மணித்தியாலம்தானே, நாலு நாள் நிண்டவை. எங்கட வீட்டில அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்ச நேரம், மனிசி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஓடித்திரியுறா, சமைச்சுப் போட வழியில்லை. சரி வெளியில கூட்டிக்கொண்டு போவம், யாழ்ப்பாணத்தில இப்ப கடைக்கென்ன குறை எண்டு நினைச்சன்.

முதல் நாள் இரவு ரவுணுக்குள்ள ஒரு பெரிய கடை, பேர் வேண்டாம். ஏசி, லைற், கதிரை மேசை எல்லாம் நல்ல வடிவு. மெனுவைத் திறந்தா பிரைட் றைஸ் மட்டும் ஒரு பக்கம், பிறகு நாசி கொறெங், கொத்து, பட்டர் சிக்கன், நாண், பனீர், மசாலா தோசை. கடைசிப் பக்கத்தில 'யாழ்ப்பாண நண்டுக்கறி' எண்டு ஒரே ஒரு வரி. அதைத் தாங்கோ எண்டு கேட்டன், முதல் நாளே சொல்லோணும் அண்ணை எண்டு சொல்லிச்சினம். புட்டு? இல்லை. இடியப்பம்? முடிஞ்சுது. நண்டு வேற மாதிரிச் செய்து தாறம் எண்டு போட்டு போத்தல் சோஸ் ஊத்தின ஒரு சிவத்த நண்டு வந்தது, வாயில வைச்சா இனிப்பு. திருச்சித் தம்பி மரியாதையான ஆள், ஒண்டும் சொல்லாமச் சாப்பிட்டார். பிறகு வெளியில வந்து நிக்கேக்க மெல்லமாக் கேட்டார், "ஏண்ணே, கத்தார்ல வெள்ளிக்கிழமை ஆனா கூழு கூழுன்னு ஏங்குவீங்களே, அது இங்க எந்தக் கடைல கிடைக்கும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்ல. அண்டைக்கு ராத்திரி நித்திரையும் வரேல்ல, உண்மையாத்தான் சொல்லுறன்.

ஏனெண்டா இந்த வருசம் சித்திரைக்குப் பிறகு நாங்கள் தமிழ்நாட்டுக்குப் போனபோது அந்த மனுசன் எங்களைக் கவனிச்ச விதம் அப்பிடி. காங்கேசன்துறையில கப்பல் ஏறி நாகபட்டினத்தில இறங்க நாலு மணித்தியாலம், இறங்கின நேரம் தொடக்கம் அவர் ஒரு ஊரில ஒரு சாப்பாடு எண்டு காட்டிக்கொண்டே போனார். கும்பகோணத்தில பித்தளை டபராவில நுரை தள்ளின டிகிரி காப்பி. மதுரையில சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில கறிதோசை, அடியில தோசை, அதுக்கு மேல முட்டை, அதுக்கு மேல கொத்தின ஆட்டிறைச்சி, மொத்தமா ஒரு பக்கம் சுட்டு, திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும் சுட்டுத் தாறாங்கள், ஒண்டுக்கு மேல என்னால ஏலாமப் போச்சு. விளக்குத்தூணுக்குக் கிட்ட ஜிகர்தண்டா, பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் பாலும் ஐஸ்கிறீமும். உதெல்லாம் பேர் கேள்விப்பட்டதுதான். ஆனா என்னை நிப்பாட்டினது பருத்திப்பால். ரோட்டுக் கரையில ஒரு தள்ளுவண்டி, பெரிய பாத்திரம், பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு அரைச்சுப் பால் எடுத்து அதுக்குள்ள அரிசிமா, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சினது. யோசிச்சுப் பாருங்கோ, மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டை அது, அதை எடுத்து ஒரு பானமாக்கி இது எங்க ஊர்ச் சாமான் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு விக்கிறாங்கள். கார்ல வந்தவையும் இறங்கிக் குடிக்கினம், மூட்டை சுமக்கிறவரும் பக்கத்தில நிண்டு குடிக்கிறார், ஒருத்தருக்கும் அதில வெக்கமில்லை.

எங்கட ஒடியல் கூழும் அப்பிடி ஒண்டுதானே! பனங்கிழங்கைக் கிழிச்சு வெயிலில காயவிட்டு இடிச்ச மா, அதைத் தண்ணியில ஊறவிட்டு மேல் தண்ணியை ரெண்டு மூண்டு தரம் வடிச்சாத்தான் கசப்புப் போகும். ஒரு பெரிய பானையில ஒரு பிடி அரிசி, மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயித்தங்காய் அவியப் போட்டு, பிறகு மீன் தலை, நண்டு, றால் எண்டு அண்டைக்குக் கடல் தந்ததெல்லாம் போட்டு, செத்தல் மிளகாயும் உள்ளியும் அரைச்ச கூட்டு, பழப்புளி, கடைசியா ஒடியல் மாவைக் கரைச்சு ஊத்தி முருங்கையிலையும் போட்டு இறக்க, அந்த மணம் நாலு வீட்டுக்குப் போகும். பனையோலைப் பிளாவில ஊத்தி, கையில தேங்காய்ச் சொட்டு ஒண்டை வைச்சுக் கடிச்சுக்கொண்டு, மூக்கால தண்ணி ஓட ஓடக் குடிக்கிறது. பனையும் கடலும் ஒரே பானைக்குள்ள கிடக்கிற சாப்பாடு வேற எங்க இருக்கு?

அதை ஏன் கடையில வைக்கினம் இல்லை? நான் ரெண்டு மூண்டு முதலாளிமாரிட்ட நேர கேட்டனான். ஒருத்தர் சொன்னார், எங்கட சனம் கடைக்கு வாறதே வீட்டில இல்லாததைச் சாப்பிடத்தான், கூழும் புட்டும் ஆர் காசு குடுத்து வாங்குறது எண்டு. இன்னொருத்தர் நண்டு விலையைச் சொன்னார், அது நியாயம்தான், நீலக்கால் நண்டெல்லாம் கம்பனிக்குப் போய்ச் சதை எடுத்து வெளிநாட்டுக்கு ஏத்துமதியாகுது, மிஞ்சினதைத்தான் சந்தையில நாங்கள் பாக்கிறம். முன்கூட்டியே ஓடர் குடுத்தா ஆள்கணக்குக்குக் கூழ் காய்ச்சித் தாற இடங்களும் இருக்குத்தான். ஆனா முதலாமவர் சொன்ன கதையை நான் ஏற்கேல்ல. வீட்டில இருக்கு எண்டது எந்த வீட்டை? என்ர வீட்டில மனிசி வேலைக்குப் போறா, அம்மாவுக்கு ஏலாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ரெண்டும் கனடா, அங்க இருக்கிற கிழவனுக்கும் கிழவிக்கும் பாசல்தான் வருது. வருசத்தில ஒருக்காக் கூடக் கூழ் காய்ச்சாத வீடு எங்கட ஒழுங்கையில எத்தினை எண்டு எனக்குத் தெரியும், எங்கட வீடும் அதுக்குள்ள ஒண்டு. வீட்டில இல்லாததைச் சாப்பிடத்தான் சனம் வருதெண்டா இப்ப வீட்டில இல்லாதது கூழ்தான்.

சரி மிச்ச மூண்டு நாளும் என்ன செய்தம் எண்டு சொல்லுறன், ஏனெண்டா ஊரில ஒண்டுமே இல்லை எண்டு சொல்ல நான் வரேல்ல. ரெண்டாம் நாள் மத்தியானம் பெரியகடை மலாயன் கபே. வாழையிலை போட்டுச் சோறு, பருப்பு, பொரிச்ச கறி, ரசம், அப்பளம், மோர்மிளகாய். சாப்பிட்டு முடிய இலையை மடிச்சுக் கைகழுவுற இடத்துச் சுவரில இருக்கிற ஓட்டைக்குள்ள போடுறது பிள்ளையளுக்குச் சரியான புதினம். அண்டைக்குப் பின்னேரம் எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில இருக்கிற அம்மாச்சி உணவகம், பொம்பிளையள் கண்முன்னால சுடச்சுடச் செய்து தருகினம், குரக்கன் புட்டும் உழுந்து வடையும் வாய்ப்பனும் பிளேன்ரீயும். முதல் நாள் அந்தப் பெரிய கடையில குடுத்த காசில கால்வாசி கூட முடியேல்ல. திருச்சித் தம்பியின்ர மனிசி அங்க நிண்ட ஒரு அக்காவிட்ட மாவை எப்பிடி வறுக்கிறீங்க எண்டு கேட்டு, அரைமணித்தியாலம் கதைச்சுக்கொண்டு நிண்டவ.

மூண்டாம் நாள் வெள்ளென எழும்பிப் பருத்தித்துறை ஓடக்கரை. அங்க போகாத ஆக்கள் கட்டாயம் போங்கோ, வீட்டு வாசலிலயே தோசையும் அப்பமும் சுட்டு விக்கிற பெண்கள். எங்கட தோசை இந்தியத் தோசை மாதிரி மொறுமொறு எண்டு பெரிசா வராது, மஞ்சள் போட்டு, வெங்காயமும் செத்தலும் கறிவேப்பிலையும் தாளிச்சுக் கொட்டின மெத்தெண்ட தோசை, தொட்டுக்கொள்ளச் சம்பல். தம்பி ஏழு சாப்பிட்டார். "இது தோசையே இல்லண்ணே, வேற ஒண்ணு" எண்டு சொன்னார், அதைக் கேக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு எழுத்தில சொல்லேலாது. வரேக்க வீட்டுக்குக் கொண்டு போகத் தட்டைவடை ரெண்டு பாசல்.

பாத்தீங்களோ, எங்கட சாப்பாட்டை எங்களுக்குக் காப்பாத்தித் தாறது அந்த வாசல்படிப் பெண்கள்தான், கோடிக்கணக்கில போட்டுக் கட்டின கடையள் இல்லை. அந்தக் கடையளில நாசி கொறெங் செய்ய எங்கையோ இருந்து குக்கைக் கூப்பிட்டுச் சம்பளம் குடுக்கினம். அதே சம்பளத்தை ஒடியல் புட்டவிக்க, கூழ் காய்ச்ச, சரக்குத்தூள் வறுத்துத் திரிக்கத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்குக் குடுத்தா என்ன? ஒவ்வொரு நாளும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு பானை. முடிஞ்சா முடிஞ்சுது எண்டு பலகையில எழுதிவிடுங்கோ. ரெண்டு மாதம் செய்து பாத்திட்டு விக்கேல்ல எண்டா நான் வாய் திறக்க மாட்டன்.

கடைசி நாள் மத்தியானம் பெரியம்மா கேள்விப்பட்டு, நீ ஏன்ரா எனக்குச் சொல்லேல்ல எண்டு பேசிப்போட்டு, எழுபத்தாறு வயசில தானே சந்தைக்குப் போய் நண்டு வாங்கிக் கூழ் காய்ச்சினவ. பிளா இல்லை, எவர்சில்வர் கோப்பையிலதான் குடிச்சனாங்கள். தம்பி மூண்டாம் தரம் கோப்பையை நீட்டேக்க பெரியம்மாவுக்குக் கண் கலங்கிப்போச்சு.

அவை தை மாதம் திரும்ப வருகினம், இந்த முறை அவற்ற அண்ணன் குடும்பமும் சேர்த்து ஒன்பது பேர். பெரியம்மாவை இன்னொருக்காக் கஷ்டப்படுத்த எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்துக்குள்ளயோ வலிகாமப் பக்கமோ தீவுப் பக்கமோ, முன்கூட்டியே ஓடர் குடுக்காம நேர போய் இருந்து கூழ் குடிக்கக்கூடிய கடை ஆருக்கும் தெரிஞ்சா சொல்லுங்கோ, சின்னக் கடையா இருந்தாலும் பரவாயில்லை.