குடி வேற, ரத்தம்?

மகளுக்கு ரெண்டு வயசு நடக்கக்குள்ள முகம் வெளிறிக் கிடந்தது. "கீரை தின்னப் பஞ்சி, அதான்கா" எண்டு பெத்தா சொன்னா. டொக்டர் இரும்புச்சத்துப் பாணி தந்தார். மூண்டு மாசம் பருக்கினதுல பல்லு கறுத்ததுதான் மிச்சம். ஹீமோகுளோபின் 9.8ல அப்படியே நிண்டுது. மறுகா ரிப்போர்ட்டில ஒரு வரிக்குக் கீழ பேனையால கோடு இழுத்தார்: எம்.சி.வி. (ரத்தச் செங்கலத்தின்ட பருமன்) 61. "செங்கலம் சின்னனா இருக்கு, தலசீமியா எண்டு பரம்பரையா வாற ரத்த நோய் இருக்கா எண்டு பாப்பம்."

ரிசல்ட் வரும்வரைக்கும் அவள் நித்திரையானாப் பிறகு போன் லைட்டை அடிச்சு, கண் மடலைக் கீழ இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தன். கூகுள்ல கண்ட படமெல்லாம் அவள்ட முகமாத்தான் தெரிஞ்சுது.

காவி மட்டும்தானாம், அந்தப் பரம்பரைப் பழுதைச் சுமக்கிறவள். நோயில்ல. ஆஸ்பத்திரி வாங்கிலயே அழுதிட்டன். வீட்ட வந்தா மாமி கேட்ட முதல் கேள்வி, "யாருட வழியால வந்த?"

மச்சான்ட, அதான் என்ட புருசன்ட அப்பா, என்ட அம்மாட அண்ணன். இங்க கிழக்கிலங்கையில குடி எண்டா தாய்வழியா வாற வம்சம். ஒரே குடிக்குள்ள கலியாணம் எண்டா ஊரே நிண்டு மறிக்கும். அண்ணன்ட பிள்ளைக்கு அவர்ட பொண்சாதிட குடி, அதால நாங்க வேற வேற குடி, எல்லாம் சரி. ஆனா அம்மாவும் மாமாவும் ஒரு வயித்துப் பிள்ளைகள். அங்க இருந்த பழுது ரெண்டு பேருக்கும் போயிருக்கலாம். அதுக்குக் குடி தெரியாது.

ரெண்டு பேரும் சோதிச்சம். எனக்கு இருக்கு, மச்சானுக்கு இல்ல. அவருக்கும் இருந்திருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு நோயாகவே வர இடமிருக்கு. கடும் நோயெண்டா மூண்டு நாலு கிழமைக்கொருக்கா ரத்தம் ஏத்தவேணும், அதால சேருற இரும்பை இறக்க மருந்து வேற. "யாருட வழி" எண்டு பொம்புளையைக் குடையிறத விட்டுட்டு "ரெண்டு பேருக்கும் இருக்கா" எண்டு கேளுங்க, மாமிமாரே.

சொந்தத்துக்க கட்டாதீங்க எண்டு சொல்ல வரல்ல, நானே கட்டினவள். கலியாணத்துக்கு முன்னுக்கு ஒரு ஃபுல் பிளட் கவுண்ட், அதான் ரத்தக் கலங்களை எண்ணி அளக்கிற சோதனை, செய்யுங்க. பெரியாக்களுக்கு எம்.சி.வி. 80க்குக் கீழ, இல்லாட்டி எம்.சி.எச். (ஒரு செங்கலத்தில இருக்கிற ஹீமோகுளோபின் அளவு) 27க்குக் கீழ எண்டா டொக்டரிட்டக் காட்டுங்க. இரும்புக் குறைவாலயும் குறையும், அதை அவர் பிரிச்சுப் பார்ப்பார். பார்மசியில நீங்களே பாணி வாங்கிப் பருக்கிக்கொண்டு இருக்காதீங்க.

தம்பிக்கு இப்ப சின்ன மாமாட மகளைப் பேசுறாங்க. சாதகம் பொருத்தம், குடியும் சரியாம். ரத்தம் சோதிக்கச் சொன்னதுக்கு அம்மா ரெண்டு நாளா என்னோட கதைக்கல்ல. நேத்து அவன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில அனுப்பினான். எம்.சி.வி. 66. மச்சாள்ட இன்னும் வரல்ல.