சயாம் மரண ரயில்: பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிக்கி, தாய்லாந்திலிருந்து (சயாம்) பர்மாவுக்கு ரயில் பாதை போட்ட போர்க்கைதிகளைப் பற்றித் தமிழில் பகிரப்படும் பதிவுகளில் அடியும் உதையும் வாள்வெட்டும்தான் வருகின்றன. அடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'ஹெல்ஃபயர் பாஸ்' என்ற கோன்யூ மலைவெட்டில் மட்டும் 69 பேர் அடித்தே கொல்லப்பட்டதாகச் சொல்வார்கள். ஆனால் 415 கி.மீ. நீள சயாம்-பர்மா பாதையில் வேலை செய்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது சீதபேதி, மலேரியா, காலரா, பெரிபெரி, காலில் வந்த ஆறாப்புண். மலேரியாவைத் தவிர மற்றவற்றுக்கு மருந்தே இல்லாமல்கூட ஓரளவு அணை போட முடிந்தது. எப்படிப் போட்டார்கள் என்பதை நாம் பேசுவதே இல்லை.

அரிசியிலிருந்து தொடங்குவோம். கைதிகளுக்குக் கிடைத்தது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தயமின் (வைட்டமின் பி1) சத்து தவிட்டோடு போய்விடும். அதை மட்டுமே தின்றால் சில வாரங்களில் கால் மரத்துப்போகும், அல்லது உடம்பில் நீர் கோத்து இதயம் நின்றுபோகும். இதுதான் பெரிபெரி. இது மலாயா மருத்துவர்களுக்குப் போருக்கு வெகுமுன்பே தெரியும். வெள்ளரிசி தின்ற சீனத் தொழிலாளிகளுக்குப் பெரிபெரி வந்தது, புழுங்கலரிசி தின்ற தமிழர்களுக்கு வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்தும் காட்டினார். எனவே எதைத் தேட வேண்டும் என்று கைதி மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது: தவிடு, பச்சைப்பயறு, வாத்து முட்டை. வாங்கப் பணம் வேண்டுமே? கைதிகளில் அதிகாரிகளாக இருந்தவர்களுக்கு ஜப்பானியர் கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து நோயாளிகளுக்கான பொது நிதியில் போட்டார்கள். காஞ்சனபுரியில் பூன்போங் என்ற தாய்லாந்து வணிகர் காய்கறிக்கு நடுவே மருந்தை ஒளித்து அனுப்பினார். வேலைக்குப் போகாதவனுக்கு அரிசி அளவைக் குறைப்பது ஜப்பானியர் வழக்கம். அதனால் எல்லார் பங்கையும் ஒரே அண்டாவில் கொட்டிச் சமமாகப் பரிமாறினார்கள். அந்த ஒரு முடிவு பல உயிர்களைக் காத்தது என்பது என் கணிப்பு.

அடுத்து காலரா. 1943 மே மாத மழையோடு வந்தது. செய்ய வேண்டியது எளிமையானது: குடிக்கும் தண்ணீர் முழுவதையும் கொதிக்க வைக்க வேண்டும், சாப்பிடும் முன் தகரத்தட்டைக் கொதிநீரில் முக்க வேண்டும், மலக்குழியை ஆழமாக வெட்டி ஈ புகாமல் மூட வேண்டும், நோயாளியைத் தனிக் கூடாரத்துக்கு மாற்ற வேண்டும், பிணத்தை எரிக்க வேண்டும். சொல்லும்போது சுலபம். ஆயிரம் பேருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க விறகு வெட்டவும் தண்ணீர் தூக்கவும் நாள் முழுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் பாதை வேலைக்கு வேண்டும் என்று ஜப்பானியப் பொறியாளர்கள் அடம்பிடித்தார்கள். ஒவ்வொரு காலையும் கைதிகளின் மருத்துவரும் அவர்களுடைய முகாம் தளபதியும் அடிவாங்கிக்கொண்டே பேரம் பேசியது இந்த ஆட்களுக்காகத்தான். நோய் கண்டவனுக்கு நரம்பில் உப்புநீர் ஏற்ற வேண்டும். வளைத்த குழாயில் தண்ணீரைக் காய்ச்சி வடித்து, சமையல் உப்பை அளந்து கரைத்து, ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாய் வழியாக, சீவிய மூங்கில் முனையால் ஏற்றினார்கள். வடிப்பது சரியில்லை என்றால் குளிர்நடுக்கம் தூக்கிப்போடும்.

ஆறாப்புண் மூங்கில் கீறலில் தொடங்கும். ஊட்டமில்லாத உடம்பில் அது எலும்புவரை அரித்துக்கொண்டு போகும். மயக்கமருந்தில்லாமல் கரண்டியால் அழுகலைச் சுரண்டுவதுதான் வைத்தியம். அதுவும் தோற்றால் கால் போகும். பர்மா பக்கம் 55ஆவது கிலோமீட்டர் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை எடுத்தார். அதற்கு மரத்துப்போகும் மருந்தை, கையிலிருந்த கோகெயினைக் கொண்டு ஒரு டச்சு மருந்தாளுநர் தயாரித்துக் கொடுத்தார்.

வேலையளவிலும் ஒரு பொறி இருந்தது. ஆளுக்கு இத்தனை கனமீட்டர் மண் என்று காலையில் கணக்கு கொடுப்பார்கள். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் திரும்பலாம் என்று பலசாலிகள் வேகமாக வெட்டினார்கள். மறுநாள் அளவு ஏறியது, நோஞ்சான்களுக்கும் சேர்த்து. வேகத்தை அடக்கச் சொல்லும் அதிகாரி இருந்த அணி தாக்குப்பிடித்தது.

'எஃப் ஃபோர்ஸ்' என்ற கைதி அணியைப் பார்த்தால், ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பது புரியும். 1943 ஏப்ரலில் நல்ல சாப்பாடு, நல்ல காற்று என்று சொல்லி சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து 7,000 பேரை அனுப்பினார்கள். பியானோகூடக் கொண்டுபோகச் சொன்னார்களாம்! தாய்லாந்தின் பான்போங்கில் இறக்கி ஏறக்குறைய 300 கி.மீ. இரவு நடையாக நடக்கவிட்டார்கள். ஆஸ்திரேலியர் 3,662 பேரில் 1,060 பேரும், பிரிட்டிஷார் ஏறத்தாழ 3,400 பேரில் இரண்டாயிரத்துக்கும் மேலும் இறந்தார்கள். இதை வைத்து இனப்பெருமை பேசுவோர் இன்றும் உண்டு. எனக்கு அது ஒப்புதல் இல்லை. பிரிட்டிஷ் அணியில் புறப்படும்போதே நோயாளிகள் அதிகம், பல படைப்பிரிவுகளிலிருந்து ஒட்டவைத்த கூட்டம், சோங்குராய் போன்ற மோசமான முகாம் வேறு. ஒழுங்கு குலைந்த இடத்தில் மலக்குழி வெட்ட ஆள் வரவில்லை.

அதே பாதையில் பக்கத்து முகாம்களில் நம்மவர்கள் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள், கூடவே மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். ஆசியத் தொழிலாளர் சாவு தொண்ணூறாயிரம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. கைதிகளின் நினைவுக்குறிப்புகள் சிலவற்றில், இவர்களுக்குச் சுத்தம் தெரியாது என்ற ஏளனம் தட்டுப்படும். அதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. சோங்குராயில் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நேர்ந்ததும் இதுவேதான். அங்கே சரிந்துபோன ஒழுங்கு இங்கே முதலிலிருந்தே கிடையாது. மருத்துவர் இல்லை, பேரம் பேச அதிகாரி இல்லை, நோயாளியைப் பிரித்து வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. காலரா வந்ததும் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள், நோயும் கூடவே போனது. 1943 நடுவில்தான் கைதிகளிலிருந்தே மருத்துவர்களும் உதவியாளர்களுமாக 'கே', 'எல்' என்று இரண்டு சிறு குழுக்களை ஜப்பானியர் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பெரும்பாலான சேதம் முடிந்திருந்தது.

போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில் ஒரு குழு பாதை நெடுகத் தேடி, 144 கல்லறைத் தோட்டங்களில் 10,549 கைதிகளின் புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க முடியாமல் போனது 52 மட்டுமே. முகாம்தோறும் யாரோ ஒரு எழுத்தர் பெயர், எண், தேதி, குழி இருக்கும் இடம் எல்லாம் எழுதி, ஜப்பானியர் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. தமிழர் முகாம்களில் அப்படி எழுதும் வேலை யார் கையிலும் ஒப்படைக்கப்படவில்லை.